சைகோன் கார்டுகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் பிஸ்கோத்து வந்த பெட்டி. மூடியில் என்ன படம் இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது, துரு தின்றுவிட்டது. உள்ளே 31 கார்டுகள். எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் சைகோனிலிருந்து எங்கள் சேதராப்பட்டுக்கு வந்தவை. எழுதியவர் என் தாத்தாவுக்கு அண்ணன். பெரிய தாத்தா என்போம். நான் அவரைப் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை.

இந்தக் கார்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. அவற்றுக்கு நேர்ந்த கேட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்டு என்றால் நம் வயதுக்காரர்களுக்கு 15 காசு கார்டுதான் நினைவுக்கு வரும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், ஓரத்தில் கறுப்பு தடவியிருந்தால் சாவு. சாவுக் கார்டை வாசலிலேயே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மற்றபடி, "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்குப் பதில் போடவும், நிற்க" என்று தொடங்கி, அந்த "நிற்க"வுக்குப் பிறகுதான் காரியத்துக்கு வருவோம்.

இந்தக் கார்டு என்பது உலகத்துக்கே பழைய சாமான் அல்ல. 1869 அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி அரசுதான் முதன்முதலாக வெளியிட்டது. பிரான்சுக்கு 1873-லும், இங்கிலீஷ்காரன் இந்தியாவுக்கு 1879 ஜூலையிலும் வந்தது. இங்கே விலை காலணா. ஒரு நாட்டுத் தபாலை இன்னொரு நாடு தட்டாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒப்பந்தம் 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஆயிற்று. அது இல்லாவிட்டால் எங்கள் பெட்டியும் இல்லை.

படம் போட்ட கார்டு 1900-க்குப் பிறகுதான் மழைக்காலத்து ஈசல் மாதிரிக் கிளம்பியது. முதலில் ஒரு விதி இருந்தது. ஒரு பக்கம் முழுக்க விலாசம் மட்டும் எழுத வேண்டும். சேதி எழுத வேண்டுமானால் மறுபக்கத்தில் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியதுதான். 1903 கடைசியில்தான் பிரான்ஸ், விலாசப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடதுபக்கம் சேதி, வலதுபக்கம் விலாசம் என்று அனுமதித்தது. ஆகவே பழைய பிரெஞ்சுக் கார்டு கையில் கிடைத்தால் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கோடு இல்லை என்றால் அது அநேகமாக 1904-க்கு முந்தையது. எங்கள் பெட்டியில் கோடு இல்லாதவை நாலு. பெரிய தாத்தா அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார் என்று அதை வைத்துத்தான் சொல்கிறேன். வீட்டில் வேறு காகிதம் கிடையாது.

சேதராப்பட்டிலிருந்து ஒருவர் ஏன் சைகோனுக்குப் போனார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். புதுச்சேரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு சைகோன்காரர் வீடும் ஒரு சொல்தா வீடும் இருந்த ஊர் இது.

1859-ல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். 1862 ஒப்பந்தத்தில் கொச்சின்சீனாவின் ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்தது. புது ராஜ்யத்தை நடத்த, பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த, வெயில் தாங்குகிற, பிரான்சிலிருந்து வருகிறவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வருகிற ஆள் வேண்டும். அது நாம்தான். போலீஸ், சுங்கம், தபால், வரிவசூல், கோர்ட்டு குமாஸ்தா, கலங்கரை விளக்கக் காவல் என்று போனார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை வந்தபின் அது இன்னும் வேகமெடுத்தது. தன் சாதி சமயத்துக்கான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டால் பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய சட்டநிலை. அவர்கள்தான் ரெனோன்சான்கள். கோர்ட்டுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்ததற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரைக்கும் வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளைதான் அந்த இயக்கத்துக்குத் தலை. துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொண்டது லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள்.

பெரிய தாத்தாவும் துறந்தார். தாத்தா துறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் சர்க்கார் பதிவேட்டில் ஒருவருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர், இன்னொருவருக்கு அப்பா பெயரோடு சேர்த்த பழைய பெயர். நான் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். என் மேசைக்கு இந்த இரண்டு பெயரும் வந்திருந்தால், இருவரும் உறவினர் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இவர்கள் அண்ணன் தம்பி என்று சொல்கிற ஒரே காகிதம் இந்தக் கார்டுகள்தான். ஒவ்வொன்றும் "சிரஞ்சீவி தம்பிக்கு" என்று தொடங்குகிறது.

சைகோனில் வெள்ளைக்காரனும் வியத்நாமியரும் நம் எல்லோரையும் "மலபார்" என்றே அழைத்தார்கள். வட்டிக்கடை நகரத்தாராக இருந்தாலும் சரி, துணிக்கடை மரைக்காயராக இருந்தாலும் சரி, ஓட்டுப்போடும் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலும் சரி, மலபார்தான். மலையாளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. நம்மவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று வழக்கும் மனுவுமாக நின்றார்கள். நடாஷா பெரோதோ என்ற ஆய்வாளர் இந்தக் கதையை விரிவாக எழுதி 2016-ல் ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு இந்தியரைப் பற்றி அக்கறையுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

எங்கள் கார்டுகளில் பாதிக்கு மேல் சைகோன் தெருக் காட்சிகள். கத்தினா வீதி, துறைமுகம், பெரிய தபாலாபீஸ். அந்தத் தபாலாபீஸ் 1886-ல் தொடங்கி 1891-ல் முடிந்தது. ஈஃபெல் கட்டியது என்று இன்றும் சுற்றுலாக்காரர்களிடம் சொல்கிறார்கள். வரைந்தவர் ஃபூலூ என்ற அரசுக் கட்டடக் கலைஞர். அந்தக் காலத்து இந்தோசீனக் கார்டுகளில் பெரிய கை பியேர் தியெல்ஃபீல்ஸ். பிரித்தானிப் பகுதிக்காரர், பட்டாளத்தில் தொங்கின் போனவர், பிறகு ஹனோயில் படக்கடை வைத்து ஆயிரக்கணக்கில் கார்டு அச்சடித்தார். எங்கள் பெட்டியிலும் அவர் பெயர் போட்டவை உண்டு. ஒரு கார்டில் பணம் மாற்றுகிற நம்மவர் ஒருவர், சின்ன மேசையின் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே "மலபார் நாணய மாற்றுக்காரர்" என்று பிரெஞ்சில் அச்சு. பெரிய தாத்தா அதன் பக்கத்தில் தமிழில், "இவர் நமக்கு உறவில்லை" என்று எழுதியிருக்கிறார். வேடிக்கைக்கு எழுதினாரா, தம்பி தப்பாக நினைத்துவிடுவான் என்று எழுதினாரா, தெரியாது. நான் வேடிக்கை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி, கார்டு வந்து சேர்ந்த விதம். சைகோனில் கப்பல் ஏறினால் சிங்கப்பூர், கொழும்பு, அப்புறம் புதுச்சேரி. மெஸாழெரி மரித்தீம் கம்பெனிக் கப்பல்கள். இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சலங்கில்தான் ஆளும் மூட்டையும் தபாலும் கரைக்கு வர வேண்டும். 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. 1952 புயலில் அது போயிற்று. அதன் மிச்சக் கால்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பெரிய தாத்தா தமிழ் மாதத் தேதியைத்தான் மேலே எழுதுவார். பரிதாபி வருஷம் ஆவணி மாதம் இத்தனாம் தேதி என்று. புதுச்சேரி வந்துசேர்ந்த முத்திரை விழுந்த இரண்டொரு கார்டில் கணக்குப் போட்டால் இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரம் ஆகியிருக்கிறது. 1910 வாக்கில் அது மோசமில்லை.

அப்போது புதுச்சேரியில் தபாலாபீஸ் இரண்டு. ஒன்று பிரெஞ்சுக்காரனுடையது, இன்னொன்று இங்கிலீஷ்காரனுடையது. கடலூருக்கோ சென்னைக்கோ எழுதினால் இங்கிலீஷ் தபாலாபீஸ். பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் இங்கே இருந்தபோது அவர்கள் தபாலை இங்கிலீஷ் போலீஸ் அந்த வழியாகத்தான் மோப்பம் பிடித்தது. சைகோன் கார்டு பிரெஞ்சு வழி. அதற்கு அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருந்தது.

கார்டுக்கு உறை கிடையாது. அதுதான் தொல்லை.

பெரிய தாத்தா விலாசத்தை நேரே ஊருக்கு எழுதவில்லை. பட்டணத்தில் எங்கள் வீட்டு மல்லாட்டையை வாங்குகிற மண்டிக்காரர் பெயருக்கு, "இவர் மூலம், வில்லியனூர் கொம்யூன், சேதராப்பட்டு" என்று பிரெஞ்சில் எழுதுவார். அன்றைக்குப் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டை மார்செய் வரை கப்பலில் போன காலம். மூட்டை ஏற்றிப்போன வண்டி திரும்பும்போது கார்டு வரும். மண்டிக் கணக்கர் படிப்பார். வண்டிக்காரர் எழுத்துத் தெரியாதவரானாலும் கணக்கர் படித்ததைக் கேட்டிருப்பார். வழியில் இங்கிலீஷ் எல்லை குறுக்கிடும். அங்கே சாவடியில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பேச்சு வரும். கார்டு வீட்டுக்கு வருமுன் அதில் என்ன இருக்கிறது என்பது கிணற்றடிக்கு வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டே எழுதப்பட்ட கார்டுகள் இவை. 31 கார்டிலும் பெரிய தாத்தா தன் மனைவியின் பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. "வீட்டிலுள்ளவர்கள்" என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்து மரியாதை அது. பணம் அனுப்பியதையும் தொகையோடு சொல்ல மாட்டார். "மாந்தா கண்டுகொள்ளவும்" என்பார். எவ்வளவு என்பது மாந்தாவில் இருக்கும். உடம்பு சுகமில்லை என்று ஒரு கார்டிலும் இல்லை. பழைய கடிதங்களில் மனசு இருக்கும் என்று இப்போது பலர் உருகி எழுதுகிறார்கள். உறை போட்ட கடிதத்தில் இருக்கலாம். கார்டில் இருப்பது மனசு அல்ல, மனசை மறைக்கத் தெரிந்த கை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பிரெஞ்சுத் தபாலில் இன்னொரு சிக்கன வழியும் இருந்தது. படக்கார்டில் சேதி எழுதாமல், வாழ்த்துச் சொல்லாக ஐந்து வார்த்தைக்கு மிகாமல் எழுதினால் கட்டணம் பாதி. 10 சாந்தீமுக்குப் பதில் 5 சாந்தீம். தபால்தலையின் நிறத்தையே பார்த்துச் சொல்லிவிடலாம். 5 சாந்தீம் பச்சை, 10 சாந்தீம் சிவப்பு. அக்காலத்தில் பல தேசங்களும் ஒப்புக்கொண்டிருந்த நிற வழக்கம் அது. எங்கள் பெட்டியில் ஐந்து வார்த்தைக் கார்டுகள் எட்டு.

இதில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. "எல்லோரும்சௌக்கியம் பணமனுப்பியிருக்கிறேன் கிடைத்ததற்கெழுதவும்" என்றால் மூன்றே வார்த்தை. சைகோன் தபாலாபீசில் எண்ணிப் பார்க்கிற பிரெஞ்சுக்காரனுக்குப் புணர்ச்சி விதி எங்கே தெரியும். பெரிய தாத்தா நெடுங்கணக்கு ஒழுங்காகப் படித்தவர். சேர்த்து எழுதி சர்க்காரை ஏமாற்றியதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அவர் மனைவியை நான் நன்றாக அறிவேன். சைகோன் ஆயா என்போம். சைகோனுக்கு அவர் போனதே இல்லை. கல்யாணம் ஆகி ஒன்றிரண்டு வருஷத்தில் பெரிய தாத்தா கப்பலேறினார். ஒரு தரம் விடுமுறையில் வந்து போனதாகச் சொல்வார்கள். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, எங்கள் அப்பாவை வளர்த்து, என்னையும் வளர்த்து, 1962-ல் காலமானார். அந்த ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதனால் ஆண்டு மறக்கவில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் ஆயா பெட்டியை இறக்கச் சொல்வார். ஒவ்வொரு கார்டாக எடுத்துப் படிக்க வேண்டும். படத்தின் கீழ் உள்ள பிரெஞ்சையும் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். தமிழை நான் எங்கேயாவது விட்டுவிட்டால், "அதுக்கு முன்னால இன்னொன்னு இருக்குமேடா" என்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எல்லாம் மனப்பாடம்.

ஒருநாள் பத்துப் பதினோரு வயதில் நான் ஒரு ஐந்து வார்த்தைக் கார்டை எடுத்தேன். ஆயா கையை நீட்டி, "அது வேணாம், கீழ வை" என்றார்.

"ஏன் ஆயா?"

"அது அவர் எழுத்து இல்லடா."

எழுத்துத் தெரியாதவருக்கு எப்படித் தெரியும் என்று நான் சிரித்தேன். "அவர் எழுத்துக்குக் கால் நீளமா இருக்கும். இது குந்திக்கினு இருக்குது பாரு" என்றார். பார்த்தேன். உண்மைதான். எட்டு ஐந்து வார்த்தைக் கார்டுகளில் இரண்டுதான் அவர் கை. மீதி ஆறு வேறு கை. விலாசத்தின் பிரெஞ்சு எழுத்தும் வேறு. தமிழில் ணகரம் னகரம் தெரியாத கை. "பனம்" என்று எழுதியிருந்தது. காதால் கேட்ட தமிழை எழுதிய கை என்று பிற்பாடு, வேலைக்கு வந்த பிறகு, பத்துப் பேர் கையெழுத்தை நாளெல்லாம் பார்த்துப் பழகியபின் எனக்குப் புரிந்தது. கூட வேலை பார்த்த நம்மூர்க்காரர் என்றால் இப்படி எழுத மாட்டார். சைகோனில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று எழுதியிருக்கலாம். அங்கே வியத்நாம் பெண்களோடு குடும்பம் நடத்திய நம்மவர்கள் ஏராளம். அது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல.

"அப்ப யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"யாரோ. மாந்தா வந்துச்சி" என்றார் ஆயா.

அவ்வளவுதான். கறுப்பு தடவிய கார்டு வரவில்லை. அது வராதவரைக்கும் அவர் நெற்றியில் பொட்டு இருந்தது. 1950 வாக்கில், சைகோன் மேரிக்கு எழுதி விசாரிக்கலாம், இறந்திருந்தால் சான்றிதழ் வாங்கலாம், விதவைக்குப் பென்ஷன் ஏதாவது வரும் என்று உறவுக்காரர் ஒருவர் மனு எழுதிக்கொண்டு வந்தாராம். சுற்றிலும் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகள், அதனால் சொன்னார். ஆயா அந்த மனுவில் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். அப்பா சொன்ன செய்தி இது. பொட்டோடுதான் ஆயாவை எடுத்தோம்.

இப்போது என் பங்கு.

ஆயா போன மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தபால்தலைப் பைத்தியம் பிடித்தது. எல்லோரிடமும் ஆல்பம். இந்தோசீனத் தலை என்றால் மவுசு அதிகம்; கிராஸே என்ற ஓவியர் வரைந்த 1904 தலை ஒன்றுக்குச் செனெகால் தலை இரண்டு தருவார்கள். வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கும்போது விடுவேனா. பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றி, கார்டுகளை மிதக்கவிட்டு, 23 தலைகளை உரித்தேன். அக்காலத்தில் தலையைப் படத்தின் பக்கமே ஒட்டி அனுப்புகிற வழக்கம் இருந்தது, சேகரிப்பவர்களுக்காக. எங்கள் கார்டுகளிலும் பலவற்றில் அப்படித்தான். அதனால் சில படங்களும் கெட்டன. எழுதிய மை கெட்டி மை, பிழைத்துக்கொண்டது.

தலையோடு போனது முத்திரை. முத்திரையோடு போனது தேதி.

பெரிய தாத்தா தன் கையால் எழுதிய கார்டுகளில் தமிழ்த் தேதி இருக்கிறது. அவற்றுக்கு நஷ்டமில்லை. ஐந்து வார்த்தைக் கார்டில் தேதி எழுத இடமில்லை, பாதிக் கட்டணத் தபால் என்பதால் புதுச்சேரியில் வந்துசேர்ந்த முத்திரையும் யாரும் குத்தவில்லை. அந்த வேற்றுக் கை எழுதிய ஆறு கார்டுகளுக்கும் தேதி சொல்ல இருந்த ஒரே சாட்சி தலையின் மேல் விழுந்த முத்திரை. ஆறையும் உரித்துவிட்டேன். பெரிய தாத்தாவின் கை எப்போது நின்றது, மற்றக் கை எப்போது தொடங்கியது என்பதை ஒரு பார்வையில் சொல்லியிருக்கக்கூடிய முத்திரைகளைச் செனெகால் தலைகளுக்காகக் கழற்றினேன். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களிடம் "தேதி இல்லாத விண்ணப்பம் செல்லாது" என்று எழுதிக்கொண்டிருந்தவன் செய்த காரியம் இது.

வெகுநாள் கழித்து ஓய்வுபெற்ற பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அதற்கு ஒரு படம் காரணம். இங்கே ஒரு நண்பர் மார்த்தினிக், ரெயூனியோன் பக்கத்துப் பழைய கார்டுகளைக் காட்டினார். அவற்றிலும் நம்மவர்கள். "கூலி" என்று கீழே அச்சு. தலையில் முண்டாசு, கையில் கரும்பு வெட்டும் கத்தி. பெண்கள் மூக்குத்தியோடு. 1853-ல் ஒளரெலி என்ற கப்பலில் தொடங்கி நம் கரையிலிருந்து மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர் போனார்கள். குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். 1889-க்குப் பிறகு ஆள் அனுப்புவது நின்றது. நம் புதுச்சேரியும் காரைக்காலும்தான் அவர்கள் கப்பலேறிய முக்கியமான துறைகள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. ஆளுக்கு ஆள் பணம் கொடுத்துக் கார்டின் முன்பக்கத்தில் அவர்கள் படத்தை வாங்கி, பின்பக்கத்தில் வெள்ளைக்காரன் தன் அத்தைக்கு வாழ்த்து எழுதினான். அவர்கள் வீட்டுக்கு ஒரு கார்டும் வரவில்லை. சேதராப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படிப் போனவர்களின் வீடுகளும் இருந்திருக்கும். அங்கே பரணில் பெட்டி இருக்காது. எங்களுக்கு 31 கார்டு வந்தது, அதில் கைமாறியது தெரிகிற அளவுக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கெடுத்தேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1914 சண்டையும் கணக்கைக் குழப்புகிறது. செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையில் குண்டு போட்டதை எல்லோரும் பேசுவார்கள். அந்த எம்டன் வங்கக் கடலில் திரிந்தவரை சைகோன் தபால் ஒழுங்காக வந்திருக்க முடியாது. அதே எம்டன் அக்டோபர் 28-ல் பினாங்கு அருகே மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பிறகு இங்கிருந்தும் சைகோனிலிருந்தும் நம் ஆட்களைப் பிரான்சுக்குப் பட்டாளத்தில் அனுப்பினார்கள். கடற்கரையில் 1938-ல் திறந்த நினைவுச் சின்னம் அவர்களுக்காகத்தான். பெரிய தாத்தாவும் அப்படிப் போய் மாண்டார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கேட்கக் கௌரவமாக இருப்பதால் அந்தப் பேச்சு நிலைத்தது என்று நான் சந்தேகித்தேன்.

ஆல்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உரித்த 23-ல் ஒன்பதை மாற்றிக்கொண்டுவிட்டேன், 14 மிச்சம். அதில் பச்சை ஐந்து. போன மழைக்காலத்தில் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முத்திரை வட்டமாக விழும். பாதி வட்டம் தலையின் மேல், மீதி கார்டின் மேல். தலை இருந்த வெளுத்த சதுரத்தின் விளிம்பில் அந்த மீதி வட்டம் இன்னும் நிற்கிறது. ஆகவே தலையை ஒவ்வொரு கார்டாக வைத்து வட்டம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மனைவி வந்து பார்த்துவிட்டு, "பொருத்தம் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று பொருந்தின. இரண்டு, பெரிய தாத்தாவின் கை. ஒன்று அந்த "பனம்" கார்டு. வட்டத்தின் நடுவில் ஏப்ரல் தெரிகிறது, கீழே 13 தெரிகிறது. அவர் கையால் எழுதிய கடைசிக் கார்டு பரிதாபி ஆவணி. அதாவது 1912 ஆகஸ்ட், செப்டம்பர். ஆக, சண்டைக்கு வெகு முன்பே கை மாறிவிட்டது. பட்டாளத்துக் கதை சரியாகாது.

என் தங்கை மகன் மார்செயில் இருக்கிறான். அங்கிருந்து ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம் அரைமணி வழி. குடிமக்கள் பதிவேடு ஆண்டுவாரியாக இருக்கிறது. ஆண்டு தெரியாமல் போனால் தேட முடியாது என்று முன்பு அவனைத் தொந்தரவு செய்யாமல் இருந்தேன். இப்போது லீவு நாளில் போய் சைகோன் இறப்புப் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறான். அவனுக்கு அந்தச் சாய்ந்த எழுத்து படிக்க வரவில்லை, நான் படிக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் நம்மூர்ப் பெயர்கள் வருகின்றன: பிறந்த ஊர் வில்லியனூர், பிறந்த ஊர் காரைக்கால், பிறந்த ஊர் உழவர்கரை. ஆயா இருந்திருந்தால் பெட்டியை மூடச் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும்.

1912-ஐ முடித்துவிட்டேன், அதில் இல்லை. 1913-ல் பிப்ரவரி வரைக்கும் வந்திருக்கிறேன்.